என் கால்களில் ஓடியது யார்

தொலைபேசியில் என்னுடன் பேசுகிறவர்கள் என்னை ‘சார்’ என்றோ ‘பாய்சாப்’ என்றோதான் கூப்பிடுவார்கள். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், வங்கியிலிருந்து பேசும் பெண்கள், எல்லோரும் அப்படித்தான். நான் திருத்துவதில்லை. ஒருமுறை மகளின் பள்ளியிலிருந்து பேசினார்கள். “அம்மாகிட்ட குடுங்க சார்” என்றார்கள். “அம்மாதான் பேசறேன்” என்றேன். “சாரி சார்” என்றார்கள்.

நான் பிறக்கும்போது இந்தக் குரலோடு பிறக்கவில்லை. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். காலைப் பிரார்த்தனையில் பாட என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அப்பா மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் பரிமாறுகிறவர். அம்மா பை தைக்கும் பட்டறையில் பிசிறு நூல் வெட்டுவாள். இரண்டு பேரும் திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரே ஊர். வீட்டில் ஒரு அறையும் அதற்கு மேல் இரும்பு ஏணி வைத்த ஒரு பரணும் உண்டு. நானும் தம்பியும் பரணில் படுப்போம்.

ஓட்டம் எனக்குப் பள்ளி விளையாட்டு விழாவில் வந்தது. எங்கள் சந்துகளில் ஓட முடியாது. எதிரே தண்ணீர்க் குடத்தோடு ஆள் வருவார்கள், தலைக்கு மேல் துணி தொங்கும், காலுக்குக் கீழே சாக்கடைப் பலகை ஆடும். அதனால் மாட்டுங்கா மைதானத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் யாருமே இல்லாமல் முதல்முறை ஓடியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் கயிற்றைத் தொட்டேன். பிறகு தினமும் விடிவதற்கு முன்னால் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது அவரோடு நடந்து போவேன். அவர் ஹோட்டலுக்குள் போவார், நான் மைதானத்துக்குள் போவேன். நானூறு மீட்டர்தான் என் தூரம். முதல் பாதி யாருக்கும் கஷ்டமில்லை. கடைசி வளைவு முடியும் இடத்தில் தொடைக்குள் ஈயம் காய்ச்சி ஊற்றியதுபோல் ஆகும். அதற்கு மேலும் என்னால் ஓட முடிந்தது. ஏன் என்று தெரியாது. முடிந்தது, அவ்வளவுதான்.

ஒரு மாவட்டப் போட்டியில் என்னைப் பார்த்துவிட்டு ஒருவர் வீட்டுக்கு வந்தார். புனே போகும் வழியில் தனியாகப் பயிற்சி முகாம் நடத்துகிறவர். நாங்கள் எல்லோரும் அவரை ‘சாப்’ என்றே கூப்பிட்டோம். எங்கள் அறையில் அவருக்குக் கால் நீட்ட இடமில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அம்மா கொடுத்த டீயை முகம் சுளிக்காமல் குடித்தார்.

“இந்தப் பெண்ணை என்னிடம் விடுங்கள். ரயில்வேயில் உட்காரவைக்கிறேன்” என்றார் இந்தியில்.

அப்பா மெடல் பற்றி எதுவுமே கேட்கவில்லை. “வேலை நிச்சயமா சாப்?” என்று மட்டும் கேட்டார்.

எங்கள் தெருவில் விளையாட்டு என்றால் அதுதான். கபடி ஆடினால் போலீஸில் எடுப்பார்கள், ஓடினால் ரயில்வேயில் எடுப்பார்கள். ஒலிம்பிக் என்பது டிவியில் வேறு யாரோ செய்வது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வேலை கிடைத்தால் வீட்டில் குழாய் இருக்கும் என்ற அளவில்தான் என் கனவும் இருந்தது.

முகாமில் எனக்கு ஒரு அக்கா கிடைத்தாள். உல்லாஸ்நகரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அவளும் நானூறு மீட்டர்தான். ஒரே அறை, ஒரே கண்ணாடி. முட்டையும் பாலும் வாழைப்பழமும் கேட்கக் கேட்கக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை எல்லோரும் சாப் அறை வாசலில் வரிசையாக நிற்போம். ஆளுக்கொரு ஊசி.

முதல் வெள்ளிக்கிழமை நான் அக்காவிடம் கேட்டேன். “என்ன ஊசிக்கா இது?”

“தாகத்துக்குத்தான். விட்டமின். சும்மா குத்திக்கோ, எல்லாரும் குத்திக்கிறாங்க.”

“தாகத்” என்றால் இந்தியில் பலம். எனக்கு அது தமிழ்த் தாகமாகக் கேட்டது. தண்ணீர் தாகத்துக்கு எதற்கு ஊசி என்று கேட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சில வாரங்களில் என் உடம்பு எனக்கே புதிதாக இருந்தது. காலையில் எழுந்ததும் கால்கள் ஏற்கெனவே விழித்திருந்தன. கடைசி வளைவில் வரும் அந்த ஈயம் தள்ளித் தள்ளிப் போனது. ஓடி முடித்தபின்பும் இன்னொருமுறை ஓடலாம் போல் இருக்கும். சாப் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். நான் நன்றாகச் சாப்பிடுவதால்தான் இப்படி என்று நினைத்தேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுப்பார்கள், அதிலும் தம்பிக்குக் குழம்பு மட்டும் ஊற்றிவிட்டு எனக்குத் துண்டு வைப்பாள் அம்மா. இங்கே தினமும் முட்டை. வேறு என்ன காரணம் தோன்றும்?

மாதவிடாய் நின்றது. ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் என்றார் சாப். தாடையில் பரு வந்தது, பிறகு கறுப்பாக முடி. அக்கா நூல் வைத்து எனக்கு எடுத்துவிடுவாள், நான் அவளுக்கு எடுத்துவிடுவேன். அதை ஒரு விளையாட்டுப் போலவே செய்துகொண்டிருந்தோம்.

ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தேன்.

“யாரு பேசுதது?” என்றாள் அம்மா.

“நான்தாம்மா.”

“என்னளா இப்படித் தொண்ட கட்டிக் கெடக்கு? மொளகு ரசம் வச்சுத் தரச் சொல்லி வாங்கிக் குடி, கேட்டியா.”

அடுத்த மாதமும் கேட்டாள். அதற்கடுத்த மாதமும் மிளகு ரசம் சொன்னாள். பிறகு அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். “யாரு” என்று கேட்பதையும் நிறுத்திவிட்டாள். அந்தக் குரலைத் தன் மகளின் குரலாக அவள் ஏற்றுக்கொண்டது எந்த நாளில் என்று எனக்குத் தெரியாது. 

ஒரு உள்நாட்டுப் போட்டியின் காலையில் சாப் ஓடிவந்து அக்காவிடம், உனக்குக் காய்ச்சல், போய்ப் படு என்றார். அவளுக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. சிறுநீர்ச் சோதனைக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று மைதானத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அக்கா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அன்றைக்கு நானும் ஓடவில்லை. தசைப்பிடிப்பு என்று சாப் என் பெயரையும் எடுத்துவிட்டார்.

சோதனைக்காரர்கள் வராத அடுத்த தேசியப் போட்டியில் நான் முதலாவதாக வந்தேன். அக்கா இரண்டாவது. ஆசிய அளவிலான ஒரு போட்டிக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். தாராவியில் தொண்ணூறடிச் சாலையில் என் படம் போட்டு பேனர் கட்டினார்கள். அப்பாவின் ஹோட்டல் முதலாளி அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் கேசரி கொடுத்தாராம்.

கிளம்புவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே ஊசி நின்றுவிட்டது. “உடம்புக்கு ஓய்வு வேண்டும்” என்றார் சாப். கொஞ்சம் கொஞ்சமாக என் கால்களிலிருந்து ஏதோ வடிந்தது. முன்பு விழித்திருந்த கால்களைக் காலையில் நான் எழுப்ப வேண்டியிருந்தது. ரத்தசோகையாக இருக்குமோ என்று பயந்தேன். அழவும் செய்தேன், காரணமே இல்லாமல், குளிக்கும் இடத்தில், சாப்பாட்டுத் தட்டின் முன்னால். சாப் வந்தபோது அவரிடம் சொன்னேன். அவர் என் நெற்றியில் விரலால் தட்டி, “எல்லாம் இங்கேதான் இருக்கிறது. கால்களில் ஒன்றுமில்லை” என்றார்.

அந்த வெளிநாட்டு நகரத்தில் குளிர் அதிகம். எட்டாவது லேன் கிடைத்தது. அது வெளி ஓரம். மற்றவர்கள் எல்லோரும் உனக்குப் பின்னாலிருந்து புறப்படுவார்கள், அவர்களைப் பார்க்கவே முடியாது. துப்பாக்கி வெடித்தது. முதல் வளைவில் யாருமில்லை. நேர்க்கோட்டில் என் இடதுபக்கம் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு. அந்த மூச்சு என்னைக் கடந்து போனது. அடுத்து இன்னொன்று. கடைசி வளைவில், வழக்கமான இடத்துக்கு வெகு முன்னாலேயே, தொடைக்குள் ஈயம் ஊற்றினார்கள். பழைய நாட்களில் அதற்கு மேலும் ஓடியிருக்கிறேன், மாட்டுங்கா மண்ணில், வெறும் கேன்வாஸ் ஷூவில். அந்த ஓட்டத்தைத் தேடினேன். அது அங்கே இல்லை. யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனதுபோல் காலியாக இருந்தது.

கடைசியாக வந்தேன். வெளியே வரும் வழியில் நம் நாட்டு நிருபர் ஒருவர் மைக்கை நீட்டி, “டென்ஷனா?” என்று கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு, “ஆமா சார், டென்ஷன்” என்றேன். நான் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். ஊருக்கு வந்தபோது அதுதான் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. பேனரைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், “உள்ளூர்ல பொலிகாள மாதிரி ஓடுதா, வெளியில போனதும் காலு நடுங்கிட்டு, பாத்தியளா” என்று அப்பாவிடமே சொன்னார்.

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார். ரயில்வே வேலை வந்த அன்றைக்குத்தான் அதற்குப் பதில் சொன்னார். “வேல கெடச்சிட்டுல்லா, பெறகென்ன” என்றார். தேசிய மெடல் இருந்ததால் விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைத்தது. டிக்கெட் பரிசோதகர், இங்கே எல்லோரும் சொல்வதுபோல் டிசி. முகாமுக்கு நான் திரும்பிப் போகவில்லை. வேலை கிடைத்த பிறகு யாரும் போவதில்லை. எல்லோரும் ஓடியதே அதற்காகத்தான்.

கல்யாணமாயிற்று, செம்பூரில் குடித்தனம், ஒரு மகள். பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒலிம்பிக் வரும். அந்த வாரங்களில் ஹார்பர் லைன் வண்டிகளில் நான் டிக்கெட் பார்த்துக்கொண்டு போகும்போது, ஆபீஸ் போகிறவர்கள் பேசிக்கொண்டு வருவார்கள். இத்தனை கோடி ஜனம், ஒரு மெடலுக்கு இந்தப் பாடு, என்பார் ஒருவர். சோறும் சாம்பாரும் தின்றால் எப்படி ஓட முடியும் என்பார் இன்னொருவர். கிரிக்கெட்தான் காரணம், அரசியல்தான் காரணம், நம் எலும்பே அவ்வளவுதான். கடைசியில் யாராவது ஒருவர் சொல்வார்: “தைரியம் கிடையாது. பெரிய மேடை என்றால் நம்மவர்களுக்கு நடுங்கும்.” நான் அவருடைய பாஸை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அவர் சொல்வது என்னைப் பற்றித்தான் என்று நம்பினேன். நான் பயந்தவள். நாட்டின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு நடுங்கியவள். அந்தப் பயம் எப்போது வந்தது, எந்த அடியில் வந்தது என்று தூக்கத்தில்கூடத் தேடிக்கொண்டிருந்தேன். சிவப்புத் தரை, எட்டாவது லேன், முதுகுக்குப் பின்னால் மூச்சு. கணவர் தட்டி எழுப்புவார். கால்கள் போர்வையை உதைத்துக்கொண்டிருக்கும்.

அக்காவைத் திரும்பப் பார்த்தது வாஷி ஸ்டேஷனில். படி இறங்கி வந்த கூட்டத்தில் ஒரு பெண்ணை நிறுத்தி, “டிக்கெட்” என்றேன். தோளில் ஜிம் பை. அவள் டிக்கெட்டை எடுக்காமல் என் வாயையே பார்த்தாள்.

“இன்னொருவாட்டி பேசு” என்றாள் தமிழில்.

அதற்குள் எனக்கும் தெரிந்துவிட்டது. அவள் குரலும் என் குரல் மாதிரியே இருந்தது.

“அக்கா!”

“அரே, உனக்கும் போச்சா குரல்?” என்றாள். “திரும்பி வரவே இல்லையா?”

என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. டூட்டி முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். நான் போன பிறகு அவள் முகாமில் தொடர்ந்து இருந்திருக்கிறாள். ஒரு போட்டியில் சோதனைக்காரர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட்டார்கள். காய்ச்சல் என்று படுக்க நேரமில்லை. பிடிபட்டாள், தடை விதித்தார்கள், வரவிருந்த வேலையும் போயிற்று. ஊசியில் இருந்த மருந்தின் பெயரை விசாரணையில்தான் முதன்முதலில் கேட்டாளாம். ஆண்களுக்கு உடம்பில் ஊறுவதை ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். குரல் மாறினால் மாறியதுதான் என்று அங்கிருந்த டாக்டரம்மா சொன்னாராம். கல்யாணம் செய்துகொண்டாள், கரு தங்கவில்லை, அவன் போய்விட்டான். இப்போது வாஷியில் ஒரு ஜிம்மில் வேலை.

“நீ ஃபாரின் போறதுக்கு முன்னாடி ஏன் ஊசிய நிப்பாட்டினான்னு நெனைக்கிற? அங்க டெஸ்ட் பக்கா. இங்க மாதிரி காய்ச்சல்னு படுக்க முடியாது. மருந்து எறங்கணும், அதுக்குத்தான். மருந்து எறங்கினா டைமிங்கும் எறங்கும்ல?”

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.

“அப்போ நான் பயப்படலையாக்கா?”

“நீயா? பாகல், பைத்தியம். உனக்கு எதுக்குப் பயம்? உன் கால்ல இருந்தத எடுத்துட்டுல்ல அனுப்பினாங்க.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருடம் சுமந்த அவமானம் என்னுடையது இல்லை என்று சொல்கிறாள். அந்தக் கணத்தில் லேசாகக்கூட இருந்தது. வண்டியில் செம்பூர் திரும்பும்போதுதான் அடுத்தது வந்தது. தோற்றவள் நான் இல்லையென்றால் ஜெயித்தவள் யார்? அந்தத் தேசியப் போட்டியில் கயிற்றைத் தொட்டது யார்? எந்த மெடலுக்காக இந்த வேலை, இந்தச் சட்டை, இந்தக் குடித்தனம்? அன்றிலிருந்து கனவில் மூச்சு பின்னாலிருந்து வரவில்லை. எனக்குள்ளேயே கேட்டது. என் நெஞ்சில் வேறொருத்தி மூச்சு விடுவது போல.

கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தெரியாமத்தான நடந்துச்சு, விடு” என்றார். அம்மாவிடம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: “கேம்புக்குப் போறதுக்கு முன்னாடி நான் எப்படிம்மா ஓடுவேன்?”

“நல்லாத்தான் ஓடுவ” என்றாள். “நான் எங்க பாத்தேன், எனக்குப் பட்டறை.”

என் பழைய ஓட்டத்தை வீட்டில் யாருமே பார்த்ததில்லை. அளக்கத் தெரிந்து பார்த்த ஒரே ஆள் சாப்தான்.

அவரைத் தேடுவது சிரமமாக இல்லை. முகாமை மூடிவிட்டுச் செம்பூரிலேயே, என் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில், மூன்றாவது மாடியில் இருந்தார். நானும் அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். சண்டை போடத்தான் போனோம். கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “என் பெண்கள்!” என்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே கூட்டிப்போய் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். அதில் அக்காவும் நானும் கழுத்தில் மெடலோடு நின்றோம். அவரே டீ போட்டுக் கொண்டுவந்தார்.

அக்காதான் ஆரம்பித்தாள். மருந்தின் பெயரைச் சொன்னாள். அவர் அதிரவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

“எல்லோரும் கொடுத்தார்கள். நான் கொடுக்காமல் இருந்திருந்தால் நீங்கள் மாவட்டத்தைத் தாண்டியிருக்க மாட்டீர்கள்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, பெற்ற மகளைக் கேட்பதுபோல், “நீ எங்கே வேலை பார்க்கிறாய் பேட்டா?” என்றார்.

“ரயில்வேயில்.”

“பார்த்தாயா? உன் அப்பாவுக்கு நான் கொடுத்த வாக்கு.”

உண்மையிலேயே பெருமையாகத்தான் சொன்னார்.  கடைசியில் நான் கேட்டது ஒன்றுதான்.

“சாப், ஊசி இல்லாமல் நான் எவ்வளவு வேகமாக ஓடியிருப்பேன்?”

அவர் யோசித்தார். நேர்மையாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். “அது யாருக்குத் தெரியும்?” என்றார். “நல்ல உடம்பு உனக்கு. நல்ல சாப்பாடும் நாலைந்து வருடமும் கிடைத்திருந்தால் தானாகவே வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். அவ்வளவு நாள் காத்திருக்க யாரால் முடியும்? உன் அப்பாவால் முடிந்திருக்குமா?”

அப்போது அழைப்பு மணி அடித்தது. ஒரு பெண் உள்ளே வந்தாள். ட்ராக் பேன்ட், பின்னிய சடை. “நமஸ்தே சாப்” என்றாள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தக் குரல் அடியில் கொஞ்சம் உடைந்திருந்தது, ஜலதோஷம் போல.

நாங்கள் கீழே இறங்கி வந்தோம். வாசல் படியில் அந்தப் பெண்ணின் தாய் மகளுக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசிப் பார்த்தால் தமிழ்தான். தாராவி, எங்கள் பக்கத்துப் பேச்சு. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, முடி, குரல், அக்காவுக்கு நடந்தது. அக்கா தன் வாயாலேயே கரு தங்காத கதையைச் சொன்னாள். அந்தத் தாய் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு என் சட்டைப் பையில் குத்தியிருந்த ரயில்வே பேட்ஜைப் பார்த்தாள். டூட்டிக்குப் போகும் வழியில் வந்ததால் அதைக் கழற்றாமல் இருந்தேன்.

“உங்களுக்கு வேலை இவராலதான் கெடச்சுதாக்கா?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஆமா” என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “எம் புள்ளைக்குச் சளிதான், ரெண்டு மாசமா விடல” என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. எழுந்து, மகளின் தண்ணீர் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினாள். மகளைக் கூட்டிவரப் போகிறாளா, அங்கேயே உட்காரப் போகிறாளா என்று நாங்கள் வெகுநேரம் காத்திருந்தோம். யாரும் இறங்கி வரவில்லை. எனக்கு டூட்டி நேரமாகிவிட்டது.

அந்த வாரமே நானும் அக்காவும் சேர்ந்து ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகளிடம் புகார் கொடுத்தோம். என் மெடலையும் சேர்த்தே சொன்னோம். வேலை போனால் போகட்டும் என்று கணவரும் சொல்லிவிட்டார். விசாரிக்க வந்தபோது மூன்றாவது மாடி பூட்டிக் கிடந்ததாம். சாப் எங்கே போனார் என்று அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இதுவரை ஒரு பதிலும் வரவில்லை. வேலை இருக்கிறது. அக்கா மாதம் ஒருமுறை வாஷியிலிருந்து வந்து எங்களோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த அறையிலிருந்து கேட்க ஆம்பிளைகள் பேசுவது போல் இருக்கிறது என்று என் மகள் சிரிப்பாள். அவளோடு சேர்ந்து நாங்களும் சிரிப்போம்.

அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, பெயரையும் கேட்காமல் வந்துவிட்டோம். எவ்வளவோ பேசினோம், அதை மட்டும் கேட்கவில்லை. அதனால் வெளிநாட்டில் நடக்கும் எந்தச் சின்னப் போட்டியானாலும் இப்போது போனில் தேடிப் பார்க்கிறேன். நம் நாட்டுப் பெண்கள் தகுதிச் சுற்றிலேயே கடைசியாக வந்த செய்திகளில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். வண்டியில் வழக்கம்போல் யாரோ, நம்மவர்களுக்குத் தைரியம் பத்தாது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் போனில் இருக்கும் அந்த முகத்தில், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த தாயின் சாடை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.